கறை படாத குப்பி

திங்கட்கிழமை முற்பகலில் கடல்நிலையம் வெளியிட்ட வாராந்தர அறிக்கை இரண்டு பக்கம் நீண்டிருந்தது. ஆயினும் கடலை நம்பிப் பிழைப்போருக்கு அதில் வேண்டியிருந்தது ஒரே வரிதான்: 'அடுத்த மூன்று வாரங்களில் கடற்சளி தோன்றும் வாய்ப்பு குறைவு.' அவ்வரியை எழுதிக் கையொப்பமிட்டவள் அக்காள். நிலையத்து ஏடுகளில் அவள் பதவி கணிப்பாளர். வளைகுடாவில் சிப்பி வளர்க்கும் பதினான்கு குடும்பத்தாரோ, அவர்களுள் ஒருவனான அவளுடைய தம்பி அழைப்பதைக் கேட்டுக் கேட்டு, தங்களைவிட வயதில் இளையவளாயினும் அவளை அக்கா என்றே வழங்கினர்.

கடற்சளி நோயுமன்று, நஞ்சுமன்று. கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் கடலில் என்றும் உள்ளன. அவற்றை உண்டே சிப்பியும் மீனும் வாழ்கின்றன. வயலில் இட்ட உரமும் ஊர் கழித்த சாக்கடையும் ஆற்றோடு வந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, கொட்டும் ஆண்டுகளில், மணிச்சத்தான பாஸ்பரஸ் அதற்கு ஈடாக வாராமற்போனால், அப்பாசிகள் உண்டும் பெருக மாட்டாமல் திணறும். திணறி, உண்டதையெல்லாம் சர்க்கரைப் பசையாக வெளியே விடும். காற்று அடித்துக் கலக்கினால் அப்பசை கரைந்து போகும். காற்று ஓய்ந்து, மேல்நீர் வெந்து, கீழ்நீர் குளிர்ந்து, இரண்டும் கலவாமல் அடுக்கடுக்காய் நிற்குமாயின், பசை ஒன்றோடொன்று பற்றித் துகளாகி, இழையாகி, ஒருநாள் நீரின்மேல் எழுந்து, காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல் வளைகுடா முழுவதையும் மூடிவிடும். அதன்கீழ் கயிற்றில் தொங்கும் சிப்பிகள் மூச்சடைத்து வாய் பிளக்கும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அப்படி மூடியது. தம்பியின் நாற்பது கயிறுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் கடலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குளிர்பதனக் கிடங்கில் மூட்டை அடுக்கப் போய்விடுவதாக அவன் அன்று சொன்னான். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

கயிறுகளைக் காக்க வழி ஒன்று உண்டு. கழிமுகத்துக் கால்வாயில் ஏற்றவற்றத்தின் ஓதம் விரைந்து ஓடுவதால் அங்கே சளி தங்குவதில்லை. கயிறுகளை அவிழ்த்து அங்கே கொண்டுபோய்க் கட்டிவிடலாம். ஆனால் எட்டு நாள் வேலை. தூக்கி இழுக்கும்போது பிடி தளர்ந்து மூன்றில் ஒரு பங்கு சிப்பி உதிர்ந்து கடலடியில் போய்விடும். ஆகவே உறுதியாகத் தெரிந்தாலன்றி எவரும் அதைச் செய்யார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்காள் உறுதியாகச் சொன்னாள். ஆற்றுநீரின் சத்து, நீரடுக்கு, காற்றின் ஓய்வு ஆகிய மூன்று குறிகளும் கூடிவிட்டன என்றாள். தம்பி அவள் சொல்லை நம்பிக் கயிறுகளை மாற்றினான். மூன்றில் ஒரு பங்கை இழந்தான். சளி வரவேயில்லை.

அன்றுமுதல் அவள் மூன்று குறிகளோடு நான்காவதொன்றைச் சேர்த்துக்கொண்டாள். வாரந்தோறும் புதன்கிழமை கடலிலிருந்து எடுத்துவரும் நீரில் சர்க்கரைப் பசை எவ்வளவு என்று நேரடியாக அளப்பது. மற்றவை வரக்கூடும் என்று சொல்பவை. இதுவோ வந்துவிட்டது என்று சொல்வது. இவ்வாண்டு, முதல் மூன்று குறிகளும் மீண்டும் கூடி நின்றன. நான்காவது மட்டும் இல்லை என்றது. புதனுக்குப் புதன் குப்பிகள் பளிங்குபோல் வந்து சேர்ந்தன. கருவி காட்டிய எண் அசையவில்லை. அந்த எண்ணை நம்பித்தான் திங்களன்று அவ்வரியை எழுதினாள்.

செவ்வாய் மாலை அவள் தம்பியின் கொட்டகைக்குப் போனபோது கணவனும் மனைவியுமாக மிதவைகளின் கொக்கிகளுக்கு எண்ணெய் இட்டுக்கொண்டிருந்தனர். இன்னும் ஐந்து வாரத்தில் அறுவடை.

"வாங்க அண்ணி" என்று தம்பி மனைவி ஒரு மிதவையைக் கவிழ்த்து இருக்கையாகப் போட்டாள். "உங்க தம்பி அறிக்கையை நாலு தடவை படிச்சிட்டாரு. பள்ளிக்கூடத்துல இப்படிப் படிச்சிருந்தா எங்கேயோ போயிருப்பாரு."

"எங்க போயிருப்பேன்? அக்கா மாதிரி ஏசி ரூம்ல உக்காந்து கடலுக்குச் சளி பிடிக்குமா, இருமல் வருமான்னு பாத்துட்டிருப்பேன்" என்றான் தம்பி. பிறகு கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்: "வராதுல்ல?"

அவள் குறைவு என்றுதான் எழுதியிருப்பதாகச் சொன்னாள். அவன் தலையசைத்தான். அந்தத் தலையசைப்பில் இருந்த நிம்மதி அவளை உறங்கவிடவில்லை. மூவர் கூடி ஒன்றைச் சொல்ல, ஒருவன் மட்டும் மறுக்கும் வழக்கில், அந்த ஒருவனை ஒருமுறையேனும் நேரில் பார்த்து விசாரிக்க வேண்டாமா என்று தோன்றியது. மறுநாள் காலை, எட்டு ஆண்டுகளில் முதன்முறையாக, நீர் எடுக்கும் படகில் தானும் ஏறினாள்.

படகை ஓட்டி நீர் எடுத்து வருபவரை நிலையத்தில் சுத்தக்காரர் என்பார்கள். ஐம்பதைக் கடந்தவர். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் தற்காலிகப் பணி. அவர் படகில் ஏறுவோர் செருப்பைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தின்மேல் ஒரு துணி, குப்பிப் பெட்டியின்மேல் ஒரு துணி, தம் தோளில் ஒரு துணி. துணியைத் துடைக்க ஒரு துணி வைத்திருக்கிறார் என்று நிலையத்தில் கேலி பேசுவதுண்டு. அவர் சிரித்துக்கொள்வார், துடைப்பதை விடமாட்டார்.

கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில் நிலையத்தின் மஞ்சள் மிதவை நின்றது. நீர் எடுக்க வேண்டிய இடம் அதுதான். கடல் கண்ணாடித் தகடாய்க் கிடந்தது; அலையில்லை, நுரையில்லை. சுத்தக்காரர் படகை நிறுத்தி, குப்பியைக் கயிற்றில் கட்டி ஏழு மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, மூடியை இழுத்து விட்டு, மேலே தூக்கினார். வெயிலில் உயர்த்திப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கிவிட்டு நீரைக் கடலிலேயே கொட்டினார். கயிற்றைத் தோள்துணியால் வழித்துத் துடைத்தார். பிறகு இயந்திரத்தை முடுக்கிப் படகைச் சற்றுத் தள்ளிக் கொண்டுபோய் மீண்டும் இறக்கினார், மீண்டும் பார்த்தார், மீண்டும் கொட்டினார்.

 அவர் செய்வது இன்னதென்று அக்காளுக்கு இரண்டாம் முறையிலேயே விளங்கிவிட்டது. எனினும், விளங்கியது பொய்யாகிவிடாதா என்ற ஆசையில் காத்திருந்தாள். ஐந்தாவது இடத்தில் எடுத்த நீர் தெளிந்திருந்தது. அவர் முகமும் தெளிந்தது. குப்பியின் புறத்தைத் துடைத்து, சீட்டெழுதி ஒட்டி, பெட்டியில் ஒரு குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்தார்.

"எட்டு வருஷமாச்சு மேடம். ஒரு தூசி, ஒரு நூல் உங்க லேபுக்கு வந்திருக்காது. எத்தனை தடவை எறக்கி ஏத்தினாலும் சரி, அழுக்குத் தண்ணிய நான் அனுப்ப மாட்டேன்."

"அந்த நூல் என்னன்னு தெரியுமா அண்ணே?"

"தெரியாம என்ன? சளிதான். முதல்ல மாவு மாதிரி பொடியா வரும். அப்புறம் நூல். அப்புறம் பஞ்சு. பஞ்சு வந்துட்டா போர்வைதான். இப்ப நூலு கொஞ்சம் தடிச்சிருக்கு."

அவள் குரலை அடக்கிக்கொண்டு, இதை ஏன் எவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள். அவர் உண்மையாகவே வியந்து அவளைப் பார்த்தார்.

"இது கண்ணுக்கே தெரியுதே மேடம். கண்ணுக்குத் தெரியாததைப் பாக்கத்தானே நீங்க மெஷின் வச்சிருக்கீங்க? இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்." பிறகு, தம்மேல் ஏதோ குறை வந்துவிட்டதென உணர்ந்தவராய், இருக்கையடியிலிருந்து நெகிழித்தாள் உறையிட்ட ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். நீர் எடுக்கும் வழிமுறைகள். அக்காளின் கையெழுத்து. நான்காம் விதியை அவர் விரல் வைத்துக் காட்டினார்: 'நுரை, எண்ணெய், மிதக்கும் அழுக்கு உள்ள இடத்தைத் தவிர்க்கவும். குப்பியில் துகளோ இழையோ தென்பட்டால் கொட்டிவிட்டு வேறிடத்தில் எடுக்கவும்.'

எட்டு ஆண்டுகளுக்கு முன், அவருக்கு முன்னிருந்த படகோட்டி கொண்டுவந்த நீரில் இயந்திர எண்ணெயும் வைக்கோலும் கலந்து வடிகட்டி அடைத்துக்கொண்டது. ஒரு மாத வேலை வீணான கோபத்தில் அவள் எழுதிய விதி அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பசையை அளக்கத் தொடங்கியபோது, அதை மாற்ற வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு எழவில்லை. தேடும் பொருளைக் கொட்டிவிட்டு வரும்படி தானே ஆணையிட்டு, அது கிடைக்கவில்லை என்று தானே அறிக்கையும் எழுதியிருக்கிறாள்.

"நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன் மேடம்" என்றார் சுத்தக்காரர். அவர் கை துணியைத் தேடியது. ஆனால் துடைக்க ஏதுமில்லை.

"ஆமா அண்ணே. சொன்னதுதான் தப்பு. செஞ்சது இல்ல."

படகு கரைக்குத் திரும்பியது. அவளுடைய மனமெல்லாம் அந்த நாற்பது கயிறுகளில் இருந்தது. சளி எழப்போகிறது என்பது உறுதி. எழுவது நாளையா, இன்னும் இருபது நாள் கழித்தா? நாள் தெரியாமல் போய்ச் சொன்னால் தம்பி நம்பமாட்டான். நம்பச் சொல்லும் உரிமையும் அவளுக்கு இல்லை.

நிலைய அதிகாரி அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். தீய மனிதரல்லர், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அறிக்கையை உடனே திரும்பப் பெறலாம் என்றும், காரணம் என்ற இடத்தில் 'நீர் எடுத்ததில் பணியாளர் பிழை' என்று எழுதிவிட்டால் விஷயம் அத்தோடு முடியும் என்றும் சொன்னார். அடுத்த மாதம் சுத்தக்காரரின் பணி புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். அக்காள் தாளை வாங்கி, 'வழிமுறைத் தாளின் நான்காம் விதி பிழையானது. அதை எழுதியவர் கணிப்பாளர்' என்று எழுதிக் கையொப்பமிட்டாள். அதிகாரி அதை இருமுறை படித்துவிட்டு முத்திரை வைத்தார்.

அன்றைய குப்பிச் சீட்டைப் பிரித்தபோதுதான் அவள் கண்ணில் அது பட்டது. சீட்டில் இடம் என்ற கட்டத்தில் சுத்தக்காரர் மிதவையின் எண்ணை எழுதவில்லை. ஐந்தாவதாக நின்ற இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் படகிலிருந்த கருவியைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக எழுதியிருந்தார். பதிவு செய்பவர் அதைப் பொருட்படுத்தாமல் 'மஞ்சள் மிதவை' என்றே கணினியில் ஏற்றிவந்திருக்கிறார். எட்டு ஆண்டுச் சீட்டுகளும் வாரவாரியாகக் கட்டப்பட்டு இரும்பலமாரியில் இருந்தன. சுத்தக்காரரை அழைத்தாள்.

"எடம் மாத்தினா எந்த எடம்னு எழுதணும்ல மேடம். இல்லாட்டி அது பொய் ஆயிடுமே" என்றார் அவர், இதுவும் குற்றமோ என்ற தயக்கத்தோடு.

பிற்பகல் முழுவதும் இருவரும் தரையில் அமர்ந்து சீட்டுகளைப் பரப்பினர். அவர் படிக்க, மிதவையிலிருந்து அவர் எவ்வளவு தூரம் விலகினார் என்று அவள் கணித்தாள். அவர் விலகியது சளியினின்று. ஆகவே விலகிய தூரமே சளியின் அளவு. கொட்டிய நீர் போனது போனதுதான். எவ்வளவு விலகினார் என்பது மட்டும் எட்டாண்டும் எழுதப்பட்டிருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன், சளி மூடிய ஆண்டில், அடுத்தடுத்த மூன்று புதன்களில் அவர் எழுபது, இருநூற்றுப் பத்து, நானூற்று அறுபது மீட்டர் விலகியிருந்தார். மூன்றாம் புதனுக்கு அடுத்த செவ்வாயன்று வளைகுடா மூடியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், அவள் வீணே எச்சரித்த ஆண்டில், அவர் மிதவையைவிட்டு ஓரடியும் நகரவில்லை. இவ்வாண்டின் கடைசி மூன்று சீட்டுகள்: அறுபது, இருநூறு, நானூற்று முப்பது.

வெயில் சாய்வதற்குள் தம்பியின் கொட்டகைக்கு இருவருமாகப் போனார்கள். அவள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தம்பி கேட்டு முடித்துவிட்டுக் கடலைப் பார்த்தான். கடலோ பச்சைப்பிள்ளைபோல் ஒன்றும் அறியாமல் கிடந்தது.

"திங்கக்கிழமை வராதுன்ன. இன்னைக்கு வரும்ங்கற. போன தடவை வரும்ன, வரல." அவன் குரல் உயரவில்லை. "அக்கா, நீ வேணும்னு செய்யல, எனக்குத் தெரியும். ஆனா கயிறை அவுத்தா மூணுல ஒண்ணு போச்சு. அதுக்கப்புறம் அதுவும் வராமப் போச்சுன்னா, நான் எந்திரிக்க மாட்டேன்."

அவள் தூரம் குறித்த மூன்று ஆண்டுகளின் சீட்டுகளையும் அவன்முன் தரையில் வைத்தாள். தம்பி மனைவிதான் முதலில் குனிந்து பார்த்தவள். தூரங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். நான்காண்டுக்கு முந்தைய வரிசையையும் இவ்வாண்டு வரிசையையும் அருகருகே நகர்த்தி வைத்தாள். பிறகு இரண்டாண்டுக்கு முந்தைய வரிசையைக் காட்டி, இதில் மட்டும் ஏன் எல்லாம் சுழியாக இருக்கிறது என்று சுத்தக்காரரைக் கேட்டாள்.

"அந்த வருஷம் தண்ணி நல்லா இருந்துச்சும்மா. முதல் தடவையே குப்பி தெளிவா வந்துரும். வெரசா வீட்டுக்குப் போயிருவேன்."

தம்பி அவரை ஏறிட்டுப் பார்த்தான். "அப்ப உங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் தம்பி. யாரும் கேக்கல."

அதன்பின் தம்பி மனைவி எழுந்து, எண்ணெய் இட்டு மாட்டியிருந்த கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள். கணவன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சரி. செவ்வாய்க்கு இன்னும் ஆறு நாள்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, படகை அவிழ்க்கப் போனான்.

எட்டு நாள் வேலைக்கு ஆறு நாள்தான் இருந்தது. மற்ற பதின்மூன்று குடும்பங்களிடமும் அக்காள் வீடுவீடாகச் சென்று தன் பிழையைத் தானே எடுத்துரைத்தாள். ஒன்பது பேர் கயிறுகளை அவிழ்த்தனர். நால்வர் அவள் முகத்துக்கு நேரே மறுத்தனர். ஒருவர், அக்காவுக்கு இந்த வாரம் எந்தப் பக்கம் காற்று என்று கேட்டார். அவள் அதற்கும் தலைகுனிந்து நின்றாள். சுத்தக்காரர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தம்பியோடு கயிறு இழுத்தார். கொத்துக்கொத்தாய் உதிரும் சிப்பிகளைக் காணும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கியது.

வெள்ளியன்று மட்டும் அரை நாள் அவர் நிலையத்துப் படகை எடுக்க வேண்டியிருந்தது. அக்காளும் உடன் போனாள். மஞ்சள் மிதவை அருகிலேயே, விலகாமல், குப்பியை இறக்கச் சொன்னாள். மேலே வந்த நீரில் வெண்ணிற இழைகள் சுருண்டு, பஞ்சுபோல் திரண்டு நின்றன. அவர் கை தானாகவே குப்பியைக் கவிழ்க்கச் சாய்ந்தது, பாதியில் நின்றது. "இதையா மேடம்?" என்றார். இதைத்தான் என்றாள். கயிற்றைக்கூட வழிக்காமல் அப்படியே பெட்டியில் வைத்துவிட்டு, கரை வரும்வரை அந்தப் பெட்டியின் பக்கம் திரும்பாமலே படகை ஓட்டினார். கருவி காட்டிய எண் முந்தைய வாரத்தைப்போல் ஒன்பது மடங்கு. அதைக் கேட்டதும் மறுத்த நால்வருள் இருவர் படகுகளை அவிழ்த்தனர்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது காற்று அறவே இல்லை. தம்பியின் நாற்பதில் முப்பத்திரண்டு கயிறுகள் கால்வாய்க்குப் போயிருந்தன. முப்பத்து மூன்றாவதை இழுத்துக்கொண்டு தம்பி மனைவியும் சுத்தக்காரரும் ஒரு படகில் போனார்கள். அடுத்ததற்காகத் தம்பியும் அக்காளும் திரும்பிவந்தபோது வளைகுடாவின் நிறம் மாறியிருந்தது. எங்கிருந்து எழுந்ததென்று சொல்ல முடியாமல், எல்லா இடத்திலிருந்தும் ஒருசேர எழுந்ததுபோல், பழுப்பும் வெண்மையுமாக ஓர் ஆடை நீரின்மேல் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. படகின் முன்புறம் அதைக் கிழித்தது. கிழிந்த இடம் பின்னாலேயே மூடிக்கொண்டது. இயந்திரம் இருமி நின்றுவிட்டது.

தம்பி படகின் சுழல்விசிறியில் சுற்றிய பசையைக் கையால் பிய்த்தெறிந்தான். முடுக்கினான், மீண்டும் நின்றது. மிஞ்சிய ஏழு கயிறுகளின் மிதவைகள் கைக்கெட்டும் தொலைவில் தெரிந்தன. துடுப்பை எடுத்தான்.

"போதும்" என்றாள் அக்காள். "இப்ப தூக்கினா கயிறு முழுக்க இது ஒட்டிக்கும். கால்வாய்ல இருக்குறதுக்கும் கொண்டுபோய் விட்டுருவோம்."

அவன் துடுப்போடு நின்றான். அவன் தோள்கள் ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துடுப்பைத் தாழ்த்தினான். இருவரும் துடுப்புப் போட்டே கால்வாய் நோக்கித் திரும்பினர். பாதி வழியில் பசை மெலிந்தது. ஓதம் ஓடும் இடம் வந்ததும் நீர் கருத்துத் தெளிந்து, கலகலவென்று மிதவைகளுக்கிடையே பாய்ந்தது. தம்பி முதல் கயிற்றை ஒரு முழம் தூக்கிப் பார்த்தான். உதிர்ந்தவை போக மிஞ்சிய சிப்பிகள் மயிரிழை அளவு வாய் திறந்து நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவன் நிழல் பட்டதும் பட்டென்று மூடின. உயிருள்ளவை மட்டுமே அப்படி மூடும்.

அவன் கயிற்றை மெல்ல விட்டான். "அந்த ஏழும்?"

"எவ்வளவு நாள் மூடியிருக்குமோ அதைப் பொறுத்தது. காத்து வந்துச்சுன்னா பொழைக்கும்."

"காத்து எப்ப வரும்?"

"தெரியல."

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். "உன் வாயால தெரியலன்னு இப்பதான் கேக்குறேன்" என்றான்.

"நாளைக்குப் புதன், படகுக்கார அண்ணனோட போய்ப் பாக்குறேன். பாத்ததை வந்து சொல்றேன். அது ஒண்ணுமில்லைன்னாலும் சொல்றேன்."

 தம்பி ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, படகில் அவளுக்கு எதிரே இருந்த பலகையில் அமர்ந்தான். அவள் கையிலிருந்த துடுப்பையும் வாங்கிக்கொண்டான். சற்றுத் தொலைவில் தம்பி மனைவி முப்பத்து மூன்றாம் கயிற்றின் முடிச்சை ஒற்றைக்கையால் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் வரும்படி மறுகையை வீசிக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பக்கமாகப் படகைத் திருப்பினான்.